மலையடிவாரத்து ஊர்கள் – 23: தங்க ஓர் இடம்

ஆயக்குடி ஜமீனின் கதையைச் சென்ற இதழோடு முடித்துவிட்டோம். ஜமீன் வழக்குக் கட்டுகளைப் புரட்டியவர்களுக்குத் தெரியும்: அந்தக் காகிதங்களில் பெண் பெயர் தலைகாட்டுவது பெரும்பாலும் ஜீவனாம்சத்துக்காக, இல்லையென்றால் தத்து எடுப்பதற்காக. புருஷன் போனபிறகே அவளுக்கு ஒரு பெயர் உண்டாகிறது. ஜமீன் ஒழிப்புச் சட்டம் 1948இல் வந்தது. அதற்கு முந்தைய ஆண்டு, இதே திண்டுக்கல் சமவெளியின் மறுகோடியில், சின்னாளபட்டியை ஒட்டி, ஒரு பெண் டாக்டர் சின்னதாக ஒரு மருத்துவமனையைத் தொடங்கியிருந்தார். இளவயதில் கணவனை இழந்து, அதன்பிறகு டாக்டருக்குப் படித்தவர். இந்த இதழில் அவர்தான் நடுநாயகம். அவரைப் பிடித்துக்கொண்டு போனால் இந்தப் பக்கத்துப் பெண் பிள்ளைகள் எப்படிப் படித்து மேலே வந்தார்கள் என்ற பெரிய கதைக்குள் நுழைந்துவிடலாம்.

பெண் கல்வி என்றதும் நாம் பள்ளிக்கூடத்தைத்தான் எண்ணிக்கொள்கிறோம். எத்தனை பள்ளி திறந்தார்கள், எத்தனை வாத்தியார்கள், எவ்வளவு சதவீதம். இந்த வட்டாரத்தின் கதையைப் படிக்கப் படிக்க எனக்கு வேறொன்று முன்னால் வந்து நிற்கிறது. பள்ளிக்கூடத்துக்குப் பக்கத்தில் ராத்திரி பத்திரமாகப் படுத்துத் தூங்க ஓர் இடம் இருந்ததா, இல்லையா? படித்து வெளியே வந்த ஒவ்வொரு பெண்ணின் கதையிலும் இந்த இடம் வருகிறது. படிக்காமல் நின்றவர்களின் கதையில் அது இல்லை.

காமராஜர் ஆட்சிக்காலத்து மைல் கணக்கு பலருக்கு நினைவிருக்கும். ஒரு மைலுக்குள் தொடக்கப் பள்ளி, மூன்று மைலுக்குள் நடுநிலைப் பள்ளி, ஐந்து மைலுக்குள் உயர்நிலைப் பள்ளி. நெ. து. சுந்தரவடிவேலு பொதுக் கல்வி இயக்குநராக இருந்து ஊர் ஊராகப் பள்ளிகளைத் திறக்க வைத்தார். 1956இல் மதிய உணவும் வந்தது. பெரிய காரியம், மறுப்பதற்கில்லை. ஆனால் அந்தக் கணக்கு பையன்களின் கால்களை வைத்துப் போட்டது. ஐந்து மைல் போக, ஐந்து மைல் வர, கரட்டுப் பாதையிலும் சோளக்காட்டு வரப்பிலும் ஒரு பையன் நடந்துவிடுவான். பெண் பிள்ளைக்கு முதல் மைலோடு படிப்பு நின்றது. ஆயக்குடி, சத்திரப்பட்டி, ஒட்டன்சத்திரம் பக்கம் எழுபது வயதைத் தாண்டிய பாட்டிகளைக் கேட்டால் 'அஞ்சாப்பு' என்ற சொல்லோடு பேச்சு முடிந்துவிடும். அதற்குப்பின் வயசுக்கு வந்தாச்சு. துணைக்கு யார் போறது? தம்பி தங்கச்சியைப் பார்க்க ஆள் வேண்டும். கொய்யாத் தோப்பில் பழம் பொறுக்க, களையெடுக்க ஆள் வேண்டும். இத்தனைக்கும் ஆயக்குடி ஒன்றும் காட்டுக்குள் கிடக்கும் ஊர் இல்லை. திண்டுக்கல் சாலையில், பழனிக்குக் கிழக்கே ஐந்தாறு கிலோமீட்டர் தூரம்தான். அந்த ஐந்தாறு கிலோமீட்டர்தான் ஒரு தலைமுறையையே கடக்கவிடாமல் வைத்திருந்தது.

இதைச் சென்னையில் முன்பே புரிந்துகொண்டவர்கள் உண்டு. சகோதரி சுப்புலட்சுமி 1911இல் பட்டம் பெற்றார். சென்னை மாகாணத்தில் பட்டம் பெற்ற முதல் இந்து விதவை அவர். அடுத்த ஆண்டே அவர் செய்த வேலை, சில இளம் விதவைகளைக் கூட்டிவந்து எழும்பூரில் தன் வீட்டில் தங்கவைத்துப் படிக்கவைத்ததுதான். அந்த வீடு வளர்ந்து பிறகு கடற்கரை ஐஸ் ஹவுஸுக்குப் போனது. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் அவ்வை இல்லம் 1930இல் பிறந்த விதமும் அப்படித்தான். தேவதாசிக் குடும்பத்துச் சிறுமிகள் சிலர் படிக்க வேண்டுமென்று அவரைத் தேடி வந்துவிட்டார்கள். எந்த விடுதியும் அவர்களைச் சேர்த்துக்கொள்ளவில்லை. சட்டசபையில் துணைத் தலைவர் நாற்காலியில் அமர்ந்தவர் அவர். அவராலும் மூன்று பெண் பிள்ளைகளுக்கு ஒரு விடுதியில் இடம் வாங்கித்தர முடியவில்லை. தன் வீட்டிலேயே இடம் கொடுத்தார். சட்டம் இயற்றுவது ஒரு வேலை, பாய் விரித்துப் போடுவது வேறு வேலை. முத்துலட்சுமி இரண்டையும் செய்தார்.

இனி சின்னாளபட்டிக்கு வருவோம்.

டி. எஸ். சௌந்திரம் பிறந்தது 1904இல். தகப்பனார் டி. வி. சுந்தரம் அய்யங்கார். மதுரையில் பஸ் கம்பெனி தொடங்கி, டி.வி.எஸ். பஸ் வந்தால் கடிகாரத்தைத் திருத்திக்கொள்ளலாம் என்று ஜனங்கள் சொல்லும்படி நடத்தியவர். சௌந்திரத்துக்கு வழக்கப்படி சின்ன வயதிலேயே கல்யாணம். கணவர் சௌந்தரராஜன் டாக்டர். 1920களின் நடுவில், நோயாளிகளுக்கு வைத்தியம் பார்த்துக்கொண்டிருந்தவரையே தொற்றுநோய் கொண்டுபோய்விட்டது. சௌந்திரத்துக்கு அப்போது இருபது வயதைச் சற்றுத் தாண்டியிருக்கும். அந்த வகுப்பில், அந்தக் காலத்தில், அடுத்த காட்சி என்னவாக இருக்கும் என்று எல்லோருக்கும் தெரியும். மொட்டை அடித்து, நார்மடி கட்டி, மூலையில் உட்காரவைப்பார்கள். சௌந்திரம் படிக்கப் போனார். டில்லியில் லேடி ஹார்டிஞ்ச் மருத்துவக் கல்லூரி. பெண்களுக்கென்றே 1916இல் திறந்த கல்லூரி, வளாகத்துக்குள்ளேயே விடுதி. மதுரையிலிருந்து ஒரு விதவைப் பெண்ணை ஆயிரத்தைந்நூறு மைல் தாண்டி அனுப்பிவைக்க ஒரு குடும்பம் துணிந்ததற்கு அந்த விடுதியும் ஒரு காரணமாக இருந்திருக்க வேண்டும் என்பது என் ஊகம். 1936இல், முப்பத்திரண்டு வயதில், அவர் டாக்டர்.

டில்லியில் கூடப் படித்தவர் சுசீலா நய்யார். பின்னாளில் காந்தியின் மருத்துவராக இருந்தவர். அந்த நட்பு வழியாகக் காந்தியிடமும், ஹரிஜன சேவையிலும் கதர் வேலையிலும் இருந்த ஜி. ராமச்சந்திரனிடமும் பழக்கம் ஏற்பட்டது. ராமச்சந்திரன் நெய்யாற்றின்கரைக்காரர், சாந்திநிகேதனில் தாகூரிடம் படித்தவர். இருவரும் மணம் செய்துகொள்ள நினைத்தார்கள். விதவை மறுமணம், அதிலும் சாதி விட்டுச் சாதி, பாஷை விட்டுப் பாஷை. வீட்டில் சம்மதமில்லை. காந்தி அவர்களுக்கு ஒரு நிபந்தனை வைத்தார்: ஒரு வருஷம் பார்த்துக்கொள்ளாமலும் கடிதம் எழுதிக்கொள்ளாமலும் இருங்கள், அதற்குப் பிறகும் இதே எண்ணம் இருந்தால் நானே நடத்திவைக்கிறேன். இருந்தார்கள். 1940 நவம்பரில் சேவாகிராமத்தில் காந்தி, கஸ்தூரிபா முன்னிலையில் கல்யாணம் நடந்தது. காந்தியின் அந்த நிபந்தனை எனக்கு அவ்வளவாகப் பிடிக்கவில்லை. முப்பத்தைந்து வயதுப் பெண், அதுவும் டாக்டர், அவருக்கு எதற்குப் பரீட்சை? ஆனால் அதைத் தாண்டித்தான் அவர் வந்தார்.

கஸ்தூரிபா 1944 பிப்ரவரியில் ஆகாகான் மாளிகைச் சிறையிலேயே இறந்துபோனார். அவர் நினைவாக நாடு முழுக்கத் திரட்டிய நிதி ஒரு கோடி ரூபாயைத் தாண்டியது. நாட்டுப்புறத்துப் பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் மட்டுமே அதைச் செலவிட வேண்டும் என்பது காந்தியின் கட்டளை. தென்னாட்டில் அந்த அறக்கட்டளையின் வேலையைப் பார்க்கச் சௌந்திரத்தை நியமித்தார். இந்த ஏற்பாட்டில் ஒரு நுட்பம் உண்டு. நிதியைப் பள்ளிக்கூடங்களுக்குப் பிரித்துக் கொடுத்திருந்தால் ஊருக்கு நூறு ரூபாய்கூடத் தேறியிருக்காது. கிராமத்துப் பெண்களையே பொறுக்கியெடுத்து, ஓரிடத்தில் தங்கவைத்து, பிரசவம் பார்க்கவும் பாலர் பள்ளி நடத்தவும் கணக்கு எழுதவும் பழக்கி, திரும்ப அவரவர் ஊருக்கு அனுப்பினால் ஒரு ரூபாய் பத்து ரூபாயாக வேலை செய்யும். கிராம சேவிகைப் பயிற்சி என்றார்கள். அதற்கு முதல் தேவை தங்குமிடம்.

1946 பிப்ரவரி தொடக்கத்தில் காந்தி மதுரைக்கு வந்தார். அரிஜனங்களை உள்ளே விடாத கோயிலுக்குள் நுழைய மாட்டேன் என்றிருந்தவர், 1939இல் வைத்தியநாத அய்யர் நடத்திய ஆலயப் பிரவேசத்துக்குப் பிறகு மீனாட்சி சந்நிதியில் நின்றார். பழனி மலைக்கும் போனார். அந்தப் பயணத்தில் அம்பாத்துரையில் அவருடைய ரயில் சற்று நேரம் நின்றதையும், சின்னாளபட்டி நெசவாளர்கள் கூட்டம் கூட்டமாகத் திரண்டு வந்ததையும் அந்தப் பக்கத்தில் இன்றும் பெருமையாகச் சொல்வார்கள். அந்த ஸ்டேஷனுக்கு அருகேதான், 1947இல், காந்திகிராமம் எழுந்தது.

சிறுமலையின் அடிவாரம். மேட்டு நிலம், முள்ளுக்காடு, தண்ணீர் கஷ்டம். சௌந்திரம் முதலில் தொடங்கியது பள்ளி இல்லை, மருத்துவமனை. அதிலும் பிரசவம். இதை அவருடைய சாமர்த்தியம் என்றே சொல்வேன். 'உன் பெண்ணைப் படிக்க அனுப்பு' என்று வந்து நிற்பவரை ஊர் சந்தேகமாகப் பார்க்கும். உன் பெண்ணுக்குப் பிரசவம் பார்த்து, தாயையும் பிள்ளையையும் உயிரோடு வீட்டுக்கு அனுப்பிய டாக்டரம்மா, 'இவளை ஆறு மாசம் என்கிட்ட விடு' என்றால் விட்டுவிடுவார்கள். கஸ்தூரிபா மருத்துவமனை அப்படிச் சம்பாதித்த நம்பிக்கையின் மேல்தான் மற்றவை நின்றன: பயிற்சி நிலையங்கள், ஆதாரக் கல்விப் பள்ளி, ஆதரவற்ற குழந்தைகளுக்கான இல்லம். 1956இல் கிராமிய உயர்கல்வி நிறுவனம் தொடங்கியது. அது 1976இல் நிகர்நிலைப் பல்கலைக்கழகமாக உயர்ந்தபோது ராமச்சந்திரன் அதன் துணைவேந்தர். ஆத்தூர் வட்டாரத்தில் அந்த வளாகத்திலிருந்து நடத்திய குடும்பநலப் பணி நாடெங்கும் பேசப்பட்டது. அதன் முதுகெலும்பு, வீடு வீடாக நடந்துபோன மருத்துவச்சிகளும் செவிலியர்களும்தான்.

நடுவில் அரசியலும் உண்டு. 1952இல் சௌந்திரம் ஆத்தூர் தொகுதியிலிருந்து சட்டசபைக்குப் போனார், 1957இல் வேடசந்தூரிலிருந்து. 1962இல் திண்டுக்கல் நாடாளுமன்ற உறுப்பினர். அதே ஆண்டு பத்மபூஷண், மத்தியில் கல்வித் துறைத் துணை அமைச்சர். அவர் அந்தத் துறையில் இருந்த காலத்தில்தான், 1963இல், கிராமங்களில் பெண் கல்விக்கு ஏன் ஜனங்களின் ஆதரவு கிடைக்கவில்லை என்று ஆராய எம். பக்தவத்சலம் தலைமையில் ஒரு குழு போட்டார்கள். ஆசிரியைகள் கிராமத்தில் தங்க வீடு கட்டிக் கொடுங்கள் என்பதும் அந்தக் குழு வலியுறுத்தியவற்றில் ஒன்று. டீச்சருக்கே தங்க இடமில்லாத ஊரில் மாணவி எப்படி வருவாள்? 1967இல் தி.மு.க. அலை அடித்தது. திண்டுக்கல்லில் அன்புச்செழியனிடம் தோற்றார். காந்திகிராமத்துக்குத் திரும்பினார், 1984இல் மறையும்வரை அதுவே அவருடைய உலகம்.

சௌந்திரத்தின் வேலையை எடைபோட நூறு கட்டடங்களை எண்ண வேண்டாம், ஒரே ஒரு பெண்ணைப் பார்த்தால் போதும்.

பட்டிவீரன்பட்டிக்கு அருகே அய்யன்கோட்டையில் 1926இல், நிலமில்லாத தலித் குடும்பத்தில் பிறந்தவர் கிருஷ்ணம்மாள். தகப்பனார் சீக்கிரமே போய்விட்டார். தாயார் நாகம்மாள் கூலி வேலை செய்து பிள்ளைகளைக் காப்பாற்றினார். பட்டிவீரன்பட்டியைச் சொன்னால் அந்த ஊர்க்காரரான டபிள்யூ. பி. ஏ. சௌந்தரபாண்டியனையும் சொல்ல வேண்டும். தாழ்த்தப்பட்டவர்களை ஏற்ற மறுக்கும் பஸ்ஸின் உரிமம் ரத்து என்று, ராமநாதபுரம் ஜில்லா போர்டுத் தலைவராக இருந்தபோது உத்தரவு போட்டவர். அப்படி ஓர் உத்தரவு தேவைப்பட்ட காலம் அது. பஸ்ஸில் இடமே சண்டை போட்டு வாங்க வேண்டியிருந்தது என்றால், மதுரையில் ஒரு தலித் பெண் பிள்ளைக்குத் தங்க அறை யார் தருவார்?

சௌந்திரம் தந்தார். அவருடைய ஆதரவில் மதுரையில் தங்கிப் படித்தார் கிருஷ்ணம்மாள். பஸ் முதலாளியின் மகள், விதவையாக டில்லிக்குப் போய் விடுதியில் தங்கிப் படித்தவர். கூலிக்காரியின் மகள், மதுரைக்கு வந்து அவர் தந்த இடத்தில் தங்கிப் படித்தவர். இந்த இருவருக்கும் நடுவில் இருந்த சாதி, பணம், வயது எல்லாவற்றையும் வைத்துப் பார்த்தால் அவர்கள் சந்தித்திருக்கவே கூடாது. பட்டம் பெற்ற மிகச் சில தலித் பெண்களில் ஒருவராகக் கிருஷ்ணம்மாள் வெளியே வந்தார். சுதந்திர இந்தியாவில்தான் கல்யாணம் என்று காத்திருந்த சங்கரலிங்கம் ஜெகந்நாதனை 1950இல் மணந்தார். அதுவும் சாதி மறுப்புத் திருமணம். வினோபாவின் பூதான இயக்கத்தில் ஊர் ஊராக நடந்தார்கள். காந்திகிராமத்து ஊழியரகம் அவர்கள் வீடு.

1968 டிசம்பர் 25 இரவு கீழத்தஞ்சையின் கீழ்வெண்மணியில் தலித் கூலிக் குடும்பங்களைச் சேர்ந்த 44 பேர் குடிசையில் எரிந்துபோனார்கள். அதற்குப்பின் கிருஷ்ணம்மாள் கீழத்தஞ்சைக்கே குடிபோய்விட்டார். 1981இல் லாஃப்டி என்ற உழவனின் நில உரிமை இயக்கத்தைத் தொடங்கினார். தானமாகக் கிடைத்த நிலத்தில் பாதி பாறையும் உப்பும் என்பதைப் பூதானத்தில் பார்த்திருந்தார்; அதனால் வேறு வழி பிடித்தார். நிலச்சுவான்தார்களிடம் விலை பேசி, வங்கிக் கடன் ஏற்பாடு செய்து, கூலிக் குடும்பங்களின் பெயருக்கு நிலத்தை மாற்றினார். பத்திரம் பெண்ணின் பெயரில். ஆணின் பெயரில் இருந்தால் கள்ளுக்கடைக்குப் போய்விடும் என்பது அனுபவக் கணக்கு. இப்படி ஆயிரக்கணக்கான ஏக்கர்கள் கைமாறின. கடலோரத்தை இறால் பண்ணைகள் உப்பாக்கியபோது அதற்கும் போராட்டம். ஜெகந்நாதன் பெயரிலேயே வழங்கும் வழக்கில் 1996இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 1989இல் பத்மஸ்ரீ, 2008இல் மாற்று நோபல் என்று சொல்லப்படும் விருது, 2020இல் பத்மபூஷண். ஆரம்பத்தில் குறிப்பிட்டோமே, ஜமீன் காகிதத்தில் ஜீவனாம்சத்துக்கு மட்டும் பெயர் வாங்கிய பெண்கள். அவர்களுக்கும் லாஃப்டி பத்திரத்தில் பெயர் ஏறிய பெண்களுக்கும் இடையே இருப்பது ஒரே தலைமுறைதான்.

காந்திகிராமத்து முறையிலும் குறை உண்டு. அங்கே பெண்களுக்குக் கொடுத்த பெயர் சேவிகை. செவிலி, ஆசிரியை, மருத்துவச்சி: மற்றவர்களுக்குப் பாடுபடும் வேலைகள். அதிகாரம் செலுத்தும் வேலைக்கு அவர்களைத் தயார் செய்யவில்லை. சௌந்திரமும் கிருஷ்ணம்மாளும் தலைவர்களானது அவரவர் சொந்த வல்லமையில். சாதாரணப் பெண்ணுக்கு நாற்காலி கிடைக்கச் சட்டம் வர வேண்டியிருந்தது. 73ஆவது அரசியல் சட்டத் திருத்தமும் 1994 தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டமும் வந்து, 1996 தேர்தலில் உள்ளாட்சிப் பதவிகளில் மூன்றில் ஒரு பங்கு பெண்களுக்கு என்றானது. 2016இல் சரிபாதி ஆக்கினார்கள். 2019 கடைசியில் ஊரக உள்ளாட்சிகளிலும் 2022இல் பேரூராட்சி, நகராட்சி, மாநகராட்சிகளிலும் அந்தக் கணக்குப்படியே தேர்தல் நடந்தது. ஆயக்குடி பேரூராட்சிக்கும் அதுதான் கணக்கு. திண்டுக்கல் மாநகராட்சியில் இளமதி மேயரானார்.

நாற்காலி கிடைத்தது, உட்கார்ந்தது யார் என்று கேலி பேசுவார்கள். 'தலைவரம்மாவோட வீட்டுக்காரர்' என்று ஒரு பதவி தமிழ்நாட்டில் தானாகவே முளைத்திருக்கிறது. கூட்டத்தில் அவர்தான் பேசுவார், அம்மா கையெழுத்துப் போடுவார். இந்தக் கேலியில் பாதி உண்மை. மறுபாதியை யாரும் பேசுவதில்லை: முதல் முறை கணவன் சொன்ன இடத்தில் கையெழுத்துப் போட்டவர், இரண்டாம் முறை தீர்மானப் புத்தகத்தை வாங்கிப் படித்துப் பார்த்துப் போடுகிறார். செயல் அலுவலரிடம் 'இந்த பில் எதுக்கு?' என்று கேட்கிறார். படிக்கத் தெரிந்தவருக்கு இரண்டாம் முறை சீக்கிரம் வரும், மற்றவருக்குத் தாமதமாகும்.

அந்தப் படிப்பு ஆயக்குடிப் பக்கத்துக்கு எப்படி வந்தது? உண்டியல் காசில் கொஞ்சம் வந்தது. பழனி தேவஸ்தானம் 1970இல் பெண்களுக்கெனக் கலைக் கல்லூரி தொடங்கியது, பழனியைத் தாண்டிச் சின்னக்கலையம்புத்தூரில். ஆயக்குடியில் பஸ் ஏறி, பழனி பஸ் ஸ்டாண்டில் மாறி, சாயங்காலம் விளக்கு வைப்பதற்குள் வீடு திரும்பிவிடலாம் என்ற நிலை வந்தபிறகுதான் இந்தப் பக்கத்து வீடுகளில் 'காலேஜ்' என்ற பேச்சே பெண் பிள்ளைகளை முன்னிட்டு எழுந்தது. 1984இல் எம்.ஜி.ஆர். அரசு பெண்களுக்கென்றே அன்னை தெரசா பல்கலைக்கழகத்தைக் கொடைக்கானலில் வைத்தது. மலைமேல் ஏன் வைத்தார்கள் என்று எனக்கு இன்றும் விளங்கவில்லை. குளிரில் படிப்பு நன்றாக ஏறும் என்று யாராவது சொல்லியிருப்பார்களோ! அடிவாரத்து ஊர்ப் பெண் அங்கே படிக்க வேண்டுமானால் விடுதி இல்லாமல் முடியாது. அதன்பிறகு ஆதிதிராவிட மாணவிகளில் தொடங்கி எல்லோருக்கும் சைக்கிள், பஸ் பாஸ், 2021இலிருந்து டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட் இல்லை, 2022இலிருந்து கல்லூரிக்குப் போகும் அரசுப் பள்ளி மாணவிக்கு மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப் பெண் திட்டம். பகலில் போய்வரும் தூரத்தை அரசு கொஞ்சம் கொஞ்சமாகச் சுருக்கிக்கொண்டே வந்திருக்கிறது.

விடுதி என்றாலே நல்லது என்று முடிவுகட்டிவிட வேண்டாம். சௌந்திரம் 1957இல் ஜெயித்த வேடசந்தூர் இன்று நூற்பாலைப் பூமி. 1990களின் கடைசியிலிருந்து அந்த ஆலைகளிலும் தங்குமிடம் கட்டினார்கள். பதினைந்து, பதினாறு வயதுப் பெண்களை மூன்று வருஷ ஒப்பந்தத்தில் சேர்த்து, உள்ளேயே தங்கவைத்து, முடிவில் கல்யாணத்துக்கு முப்பதாயிரம், நாற்பதாயிரம் மொத்தமாகத் தருவோம் என்றார்கள். சுமங்கலித் திட்டம் என்று பெயர் பெற்றது. வெளியே போக அனுமதி இல்லை, போன் இல்லை, நடுவில் நின்றால் மொத்தப் பணமும் போச்சு. அதுவும் கட்டில், சாப்பாடு, காம்பவுண்டுச் சுவர் கொண்ட விடுதிதான். அதே சமவெளியில், ஐம்பது ஆண்டு இடைவெளியில், ஒரு விடுதி பெண்ணை வெளியே அனுப்புவதற்காகவும் இன்னொன்று வெளியே விடாமல் இருப்பதற்காகவும் எழுந்தன. சாவி யாரிடம் இருந்தது என்பதில்தான் வித்தியாசம்.

சாவியைக் கேட்டவர்களும் இந்த மண்ணிலேயே வந்தார்கள். 2021 தொடக்கத்தில் திண்டுக்கல் பக்கத்து ஆயத்த ஆடை ஆலை ஒன்றில் வேலைபார்த்த இளம் தலித் பெண் கொலையானார். ஆலையின் மேற்பார்வையாளர் மீது வழக்கு. அங்கே நெடுநாளாகப் பாலியல் தொல்லை இருந்ததாகச் சக தொழிலாளிகள் சொன்னார்கள். பெண்களே தலைமை தாங்கும் தமிழ்நாடு டெக்ஸ்டைல் தொழிலாளர் சங்கம் விஷயத்தைக் கடல் கடந்து கொண்டுபோனது. அந்த ஆலையில் துணி வாங்கும் அயல்நாட்டுப் பெரிய கம்பெனிகள் உட்கார்ந்து பேச வேண்டிவந்தது. 2022இல் கையெழுத்தானது 'திண்டுக்கல் ஒப்பந்தம்' என்று உலகத் தொழிற்சங்கங்களிடையே பேர் பெற்றுவிட்டது. பூட்டுக்கும் தோல் பதனிடுவதற்கும் அறியப்பட்ட ஊரின் பெயர் இப்படியும் ஒருமுறை வெளியே போயிருக்கிறது. இருபத்தைந்து தொழிலாளிக்கு ஒருவர் வீதம் பெண்களையே கண்காணிப்பாளர்களாகப் பயிற்றுவித்து, தொல்லை நடந்தால் அவர்கள் பயமில்லாமல் புகார் சொல்ல வழிசெய்ததுதான் அதன் சாரம். கிராம சேவிகை என்ற பழைய பெயருக்குக் காந்திகிராமம் தராத அதிகாரத்தை இவர்கள் ஒப்பந்தத் தாளில் எழுதி வாங்கினார்கள்.

ஆயக்குடிக்கே வந்துவிடுவோம். தமிழ்நாடு முழுக்க இன்று இந்த ஊரைக் கொய்யாவுக்கு அடுத்தபடியாக அறிந்திருப்பது சனி, ஞாயிறு மரத்தடி வகுப்புகளால்தான். அரசுப் பணித் தேர்வுக்குக் காசு வாங்காமல் சொல்லித்தரும் இலவசப் பயிற்சி மையம். பள்ளி வளாகத்து மரநிழலில் வெறுந்தரையில் உட்கார்ந்து குரூப் 4, குரூப் 2, வி.ஏ.ஓ. என்று படித்தவர்கள் ஆயிரக்கணக்கில் அரசு அலுவலகங்களில் இருக்கிறார்கள். வெளி மாவட்டங்களிலிருந்தும் வருவார்கள். அந்தக் கூட்டத்தில் பெண்களைப் பார்க்க வேண்டும். கல்யாணமாகிக் கைக்குழந்தையோடு இருப்பவர், மில் வேலையை விட்டுவிட்டு வந்தவர், பி.எட். முடித்துவிட்டு வீட்டில் இருந்தவர். 1989இல் அரசு வேலையில் பெண்களுக்கு 30 சதவீதம் என்று கலைஞர் ஆட்சியில் கொண்டுவந்ததை 2021இல் 40 சதவீதமாக உயர்த்துவதாக அறிவித்தார்கள். சனி, ஞாயிறு மட்டும் வகுப்பு என்பது இங்கே பெரிய வசதி. காலையில் பஸ் பிடித்து வந்து சாயங்காலம் திரும்பிவிடலாம். தங்குமிடம் கேட்காத பள்ளிக்கூடம் இது.

கேள்வி தேர்ச்சி பெற்றபிறகு வருகிறது. வேலை செங்கல்பட்டிலோ கள்ளக்குறிச்சியிலோ போடுகிறார்கள். கிராம நிர்வாக அலுவலர் என்றால் பணிபுரியும் ஊரிலேயே குடியிருக்க வேண்டும் என்பது விதி. தெரியாத ஊரில், தனியாக இருக்கும் பெண்ணுக்கு வீடு வாடகைக்குத் தருகிறவர் யார்? 'கல்யாணம் ஆயிடுச்சாம்மா? வீட்டுக்காரர் எப்ப வருவார்? என்ன ஆளுங்க?' இந்த மூன்று கேள்வியையும் தாண்டித்தான் பட்டா மாறுதல், சிட்டா, அடங்கல் எல்லாம். வேலைபார்க்கும் பெண்களுக்கு அரசே தோழி விடுதிகளைக் கட்டிவருகிறது. நன்றாகவும் இருக்கின்றன என்கிறார்கள். அவை பெரும்பாலும் மாநகரங்களிலும் தொழில் நகரங்களிலும்தான். வி.ஏ.ஓ.வாகப் போகும் ஆயக்குடிப் பெண்ணுக்கு வேலை அங்கே இல்லை, தாலுகா தலைநகரைத் தாண்டி உள்ளே இருக்கிறது. 1963இல் பக்தவத்சலம் குழு டீச்சர்களுக்குக் கேட்ட வீட்டைத்தான் இன்று வி.ஏ.ஓ. அம்மா தேடிக்கொண்டிருக்கிறார்.

அடுத்த இதழில் வரதமாநதி அணையும், அதன் தண்ணீருக்கு ஆயக்குடிக் குளங்கள் போட்ட சண்டையும்.

(தொடரும்)